மழைக்காலத்தில் தேனீப் பெட்டிக்குத் தீனி: எப்போது சர்க்கரை, எப்போது புரதம்

ஜூனில் மழை பிடித்ததும் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்பது மார்த்தாண்டம், அருமனை, களியல் பக்கத்திலும், எல்லைக்கு அப்புறம் பாறசாலை பக்கத்திலும் தேனீ வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். பாகு தவறாமல் வைத்தும் டிசம்பரில் கூட்டம் இரண்டு சட்டத்துக்கு (அடை கட்டும் மரச்சட்டம்) சுருங்கிப் போகிறது. ரப்பர் தளிர்த்துத் தேன் சுரக்கும் நேரத்தில் எடுத்து வர ஆளில்லாமல் தேன் அறை வெறுமனே கிடக்கிறது. சர்க்கரை மட்டுமே தீனி என்று நினைப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். சர்க்கரை, தேனீ பறக்கவும் கூட்டைச் சூடாக வைக்கவும் எரிபொருள். தேனீ எத்தனை நாள் உயிரோடிருக்கும், ராணி எவ்வளவு முட்டை இடும், இட்ட முட்டையில் எத்தனை தேறும் என்பதை முடிவு செய்வது மகரந்தத்தில் இருக்கும் புரதம். அந்தப் புரதத்தை எந்த மாதத்தில் அளந்து கொடுப்பது, எந்த மாதத்தில் தாராளமாகக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அளவுகள் எல்லாம் நம் அடுக்குத் தேனீக்கு, அதாவது நியூட்டன் பெட்டியில் வளரும் இந்தியத் தேனீக்கு. இத்தாலியத் தேனீயின் கூட்டம் பெரிது. அதற்கு இந்த அளவு காணாது.

உணவு ஆயுளை எப்படி மாற்றுகிறது

ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையில் இருந்து வருகின்றன. முட்டை மூன்று நாளில் பொரிகிறது. அதன் பிறகு செவிலித் தேனீக்கள் (புழு வளர்க்கும் இளம் வேலைக்காரத் தேனீக்கள்) தங்கள் தலைச் சுரப்பியில் ஊறும் வெள்ளைக் கூழைப் புழுவுக்கு ஊட்டுகின்றன. ராணி அறையில் இருக்கும் புழு, அறையை மெழுகால் மூடும் நாள் வரைக்கும் ராயல் ஜெல்லி என்கிற ராணிக் கூழிலேயே மிதக்கிறது. வேலைக்காரப் புழுவுக்கு மூன்றாம் நாளோடு கூழ் குறைந்து, தேனும் மகரந்தமும் சேர்ந்த சாப்பாடு வருகிறது. தொடக்க நாட்களில் ஊட்டும் கூழிலேயே வித்தியாசம் உண்டு: ராணிப் புழுவுக்குக் கிடைப்பதில் சர்க்கரை சுமார் 12 சதவீதம், வேலைக்காரப் புழுவுக்குக் கிடைப்பதில் சுமார் 4 சதவீதம். முடிவில் ஒன்று 15, 16 நாளில் ராணியாக வெளியே வந்து இரண்டு மூன்று வருடம் முட்டையிடுகிறது. இன்னொன்று 18 முதல் 20 நாளில் வந்து, வேலை மும்முரமான காலத்தில் ஆறேழு வாரத்தில் உழைத்துச் செத்துப்போகிறது.

2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், டிஎன்ஏ மீது மெத்தில் குறி பதிக்கும் ஒரு நொதியைப் புழுவில் அடக்கிப் பார்த்தார்கள். ராயல் ஜெல்லி தின்று வளர்ந்ததைப் போலவே பெரும்பாலான புழுக்கள் நன்கு வளர்ந்த சூலகத்தோடு ராணிகளாக வந்தன. மரபணு ஒன்றுதான், அதில் எது விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்பதைச் சாப்பாடு சொல்கிறது. 2015-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதை மறுபக்கத்திலிருந்து காட்டியது. தேனிலும் மகரந்தத்திலும் இருக்கும் கூமரிக் அமிலம் புழுவின் சூலகத்தை வளரவிடாமல் தடுக்கிறது. ராயல் ஜெல்லியில் அது கிடையாது. ராணிப் புழுவுக்கு எது கிடைத்தது என்பதோடு, எது கிடைக்காமல் தப்பியது என்பதும் சேர்ந்தே கணக்கு.

பானையிலும் மூங்கிலிலும் கொசுத்தேனீ வளர்ப்பவர்கள் இதை வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள். கொசுத்தேனீ புழுவுக்குத் தினம் ஊட்டுவதில்லை. கண்ணறையில் மொத்தச் சாப்பாட்டையும் ஒரே தடவை நிரப்பி, முட்டையிட்டு, மூடிவிடுகிறது. ராணிக்கான அறை பெரிது, சாப்பாடும் அதிகம். அங்கே ராணியை உண்டாக்குவது முக்கியமாக அளவுதான்.

வேலைக்காரத் தேனீக்கு வருவோம். மகரந்தம் நன்றாகத் தின்ற இளம் தேனீயின் கொழுப்புத் திசுவில் வைட்டெல்லோஜெனின் என்ற புரதம் சேர்கிறது. முட்டையின் மஞ்சள் கருவுக்கு மூலப்பொருளான அதே புரதம், முட்டையிடாத வேலைக்காரத் தேனீயிடம் மூன்று வேலை செய்கிறது: கூழ் சுரக்க உதவுகிறது, நோயைத் தாங்க வைக்கிறது, வெளிவேலைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட்டு ஆயுளை நீட்டுகிறது. புழு வளர்க்க வேண்டியிருந்தால் அந்த இருப்பு கூழாக வெளியே போய்விடும். புழு குறைவாக இருந்தால் உடம்பிலேயே தங்கும். மகரந்தம் தின்று, ஆனால் புழு வளர்க்காமல் இருக்கும் தேனீக்கள் கூடுதல் நாள் வாழ்கின்றன என்பதை 1950-களிலேயே அன்னா மௌரிசியோ சுவிட்சர்லாந்தில் காட்டிவிட்டார். மழைக்காலத் தீனித் திட்டம் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

புரதம் கூடினால் நல்லதுதானே என்று அள்ளிக் கொடுக்கவும் கூடாது. இளம் தேனீ அமினோ அமிலம் ஒரு பங்குக்குச் சர்க்கரை சுமார் 50 பங்கு என்ற விகிதத்தில் தின்னும்போது நன்றாக வாழ்கிறது. வெளிவேலைக்குப் போகும் வயதில் அது சுமார் 250 பங்காகிறது என்று 2014-ல் இத்தாலியத் தேனீயில் செய்த ஆய்வு சொல்கிறது. சர்க்கரை இல்லாமல் புரதத்தை மட்டும் திணித்தால் வயதான தேனீக்கள் சீக்கிரம் சாகும். எறும்பிலும் இதே கதைதான். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்புக்குப் புரதம் மிகுந்த உணவை மட்டும் கொடுத்தபோது எறும்புகள் இளமையிலேயே செத்து, கூட்டமே சரிந்தது என்று 2012-ல் எழுதினார்கள்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. பெரிய கண்ணும் நீண்ட தாடையுமாகத் தாவி இரை பிடிக்கிற எறும்பு. ஹார்பெக்னதாஸ் சால்டேட்டர் என்பது அதன் அறிவியல் பெயர். ராணி செத்துப்போனால் வேலைக்கார எறும்புகள் சண்டையிட்டு, வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. சாதாரண வேலைக்கார எறும்பின் ஆயுள் சுமார் ஏழு மாதம். முட்டையிடத் தொடங்கியது நான்கு வருடம் வரை வாழும். அது கூடுதலாகத் தின்கிறது, உடம்பில் இன்சுலின் கூடுகிறது, சூலகம் வளர்கிறது. ஆனால் அதே சூலகம் சுரக்கும் ஒரு பொருள், இன்சுலினின் முதுமையாக்கும் வேலையை மட்டும் தடுத்துவிடுகிறது. 2022-ல் இதை விளக்கினார்கள். நிறையத் தின்று, நிறைய முட்டையிட்டு, நிறைய நாள் வாழ்வது சமூகப் பூச்சிகளில் ராணிக்கும் ராணி இடத்துக்கு வந்ததற்கும் மட்டும் கிடைத்த வரம். வேலைக்காரத் தேனீக்கு அந்த வரம் இல்லை. அதற்கு நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் பெட்டியைப் படியுங்கள்

தீனி வைப்பதற்கு முன்னால் நடுச்சட்டம் ஒன்றை எடுத்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, ஒரு நாள் இரண்டு நாள் வயதுள்ள புழு இருக்கும் கண்ணறைக்குள் பாருங்கள். புழு பிறைபோல வளைந்து, பால்வெள்ளைக் கூழில் மிதந்தபடி பளபளவென்று தெரிந்தால் செவிலித் தேனீக்களுக்குப் புரதம் இருக்கிறது. புழுவுக்கு அடியில் ஈரம் குறைந்து, கண்ணறையின் தரை தெரிகிற மாதிரி உலர்ந்து கிடந்தால் கூழ் சுரக்க அவற்றால் முடியவில்லை. கூட்டத்தின் புரத நிலைமையைச் சொல்ல இதைவிட நல்ல அடையாளம் இல்லை. எண்ணிக்கை குறைவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே இது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து அடையின் அமைப்பு. நடுவில் புழு, அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மகரந்தம், அதற்கு மேலே தேன் என்று இருக்க வேண்டும். மகரந்த வளையம் காணாமல் போய், தேனும் புழுவும் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது. முட்டையும் இருக்கிறது, மூடிய புழுவும் இருக்கிறது, இடைப்பட்ட திறந்த புழு மட்டும் குறைவாக இருக்கிறது என்றால் தேனீக்கள் தங்கள் இளம் புழுவையே தின்று புரதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்று அர்த்தம். ராணி மேல் பழி போட்டு அதைக் கொன்றுவிடுபவர்கள் உண்டு. ராணி முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆண் தேனீக்களை வாசலில் தள்ளி வெளியேற்றுவதும் பஞ்சத்தின் தொடக்க அடையாளம்.

ஒரே கண்ணறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீ முட்டையிடுகிறது. ராணி போய்விட்டது. இந்தியத் தேனீயில் இது சீக்கிரமே வந்துவிடும். இதற்குத் தீனி மருந்தாகாது. முட்டையிடும் வேலைக்காரத் தேனீக்குப் புரதம் கொடுத்தால் அதன் சூலகம் இன்னும் வளரும், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தை வேறு பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.

சர்க்கரைப் பாகு

ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சர்க்கரையைப் போட்டுக் கரையுங்கள். சர்க்கரை போட்ட பின் கொதிக்க விட்டால் அடியில் தீய்ந்து, தேனீயின் குடலுக்கு ஆகாத பொருட்கள் உண்டாகும். எலுமிச்சைச் சாறு பிழிவதும் வேண்டாம். புளிப்போடு சூடும் சேர்ந்தால் அதே நச்சு கூடுகிறது. வெல்லம், கருப்பட்டி இரண்டும் நமக்கு எவ்வளவு நல்லதோ, பெட்டிக்குள் மழையில் அடைந்து கிடக்கும் தேனீக்கு அவ்வளவு கெடுதல். அவற்றில் உள்ள தாதுக்களும் கழிவும் குடலில் தேங்கி, வெளியே பறந்து கழிக்க முடியாமல் சட்டத்திலும் வாசலிலும் பழுப்பு நிறமாகக் கழிந்து வைக்கும்.

கிடைக்கும் பாகு சுமார் 320 மில்லி. அதை வாரத்துக்கு இரண்டு தடவையாகப் பிரித்து, இருட்டும் நேரத்தில் வையுங்கள். பாத்திரம் சிரட்டையே போதும். ரப்பர் பால் வெட்டப் பயன்படுத்திய சிரட்டை வேண்டாம், புதிதாக உடைத்துக் கழுவியதாக இருக்கட்டும். உள்ளே நாலைந்து காய்ந்த குச்சியோ சகிரியோ (தேங்காய் நார்) போட்டால் தேனீ மூழ்காது. புழு அறைக்கு மேலே காலித் தேன் அறையில் சிரட்டையை நேராக நிற்க வைத்து மூடிவிடுங்கள். ஒரு ராத்திரியில் குடித்து முடிக்கும் அளவே சரியான அளவு. மறுநாள் காலையில் மீதி இருந்தால் எடுத்துக் கொட்டுங்கள். மழை ஈரத்தில் இரண்டு நாளில் நுரைத்துப் புளித்துவிடும்; புளித்ததைக் குடித்த கூட்டம் வயிற்றுப்போக்கில் நலிந்துபோகும்.

பகலில் வைத்தாலோ, வெளியில் சிந்தினாலோ கொள்ளை தொடங்கும். பலமான கூட்டம் பலவீனமான பெட்டிக்குள் புகுந்து தேனையும் தூக்கும், சண்டையில் தேனீயையும் கொல்லும். எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு பெரிய தட்டில் பாகு வைக்கும் பழக்கத்தை முற்றாக விட்டுவிடுங்கள். 1991-92-ல் புழுக்களைக் கொல்லும் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் நுழைந்து நம் பகுதியின் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. அந்த நோய் இன்றும் போகவில்லை. ஒரு தட்டில் வாய் வைக்கும் பத்துக் கூட்டம் அதைப் பத்துப் பெட்டிக்கும் கொண்டுபோகும்.

மாவுத் தீனி

பத்துப் பன்னிரண்டு பெட்டிக்கு ஒரு தடவைக்கான அளவு: கொழுப்பு நீக்கி, வறுத்து அரைத்த சோயா மாவு 150 கிராம், உயிர்ப்பில்லாத உலர்ந்த ஈஸ்ட் தூள் 50 கிராம், வீட்டிலேயே மிக்ஸியில் பொடித்த சர்க்கரை 300 கிராம், பிசையச் சர்க்கரைப் பாகு 120 முதல் 150 மில்லி. மாவுகளை முதலில் சலித்துக் கலந்து, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, ஒரு ராத்திரி மூடி வையுங்கள். சோயா ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் இறுகியிருந்தால் இரண்டு ஸ்பூன் பாகு சேர்த்து மறுபடி பிசையுங்கள்.

ஒவ்வொரு பொருளிலும் தவறு நடக்க இடம் உண்டு. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வறுக்காமல் போட்டால் தின்றும் பயனில்லை. ஈஸ்ட் என்று கேட்டால் கடையில் ரொட்டி ஈஸ்டைக் கொடுப்பார்கள். அது உயிரோடிருப்பது, உருண்டைக்குள் பொங்கிப் புளித்துவிடும். கடையில் விற்கும் ஐசிங் சுகரில் மக்காச்சோள மாவு கலந்திருக்கும். மரச்சீனி மாவோ மைதாவோ போட்டு அளவைக் கூட்டுவது வெறும் ஏமாற்று. தேனீக்கு அந்த மாவுச்சத்து சரியாகச் செரிக்காது. பொட்டுக்கடலை மாவைப் பலர் பயன்படுத்துகிறார்கள், தேனீக்களும் விரும்பி எடுக்கின்றன. ஆனால் அதில் புரதம் சோயாவில் பாதிகூட இல்லை, மாவுச்சத்தோ அதிகம். அவசரத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். பழைய குறிப்புகளில் பால் பொடி ஒரு பங்கு சேர்க்கச் சொல்லியிருக்கும். பாலில் உள்ள சர்க்கரை தேனீக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் நாங்கள் அதை விட்டுவிடச் சொல்கிறோம்.

பாகுக்குப் பதில் தேன் ஊற்றிப் பிசைந்தால் தேனீ வேகமாகத் தின்னும். தேன் உங்கள் நோயில்லாத பெட்டியிலிருந்து எடுத்ததாக மட்டும் இருக்க வேண்டும். கடைத் தேனில் எந்த ஊர்ப் புழுநோயின் வித்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெளியூர் மகரந்தம் வாங்கிச் சேர்ப்பதற்கும் இதே எச்சரிக்கை. உங்கள் ஆரோக்கியமான பெட்டியில் நல்ல காலத்தில் மிஞ்சிய மகரந்த அடைத் துண்டு இருந்தால் அதை மசித்து 5 முதல் 10 சதவீதம் கலந்தாலே தீனியை எடுக்கும் வேகம் கூடிவிடும்.

உருண்டையை 50 கிராமாக எடுத்து, விரல் கனத்துக்குத் தட்டையாக்கி, பட்டர் பேப்பரில் வைத்து, பேப்பரின் அடிப்பக்கத்தில் நாலைந்து கீறல் போட்டு, புழு இருக்கும் சட்டங்களின் மேல்கட்டைமீது நேராக வையுங்கள். ஓரச் சட்டத்தின் மேல் வைத்தால் செவிலித் தேனீ அவ்வளவு தூரம் வராது. மூன்று நான்கு நாளில் தின்று முடிக்காததை எடுத்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த உருண்டையும், அடிப்பலகையில் உதிர்ந்து கிடக்கும் மாவும் எறும்பையும் மெழுகு அந்துப்பூச்சியையும் அழைத்து வரும். தாங்கிக் கால்களின் கிண்ணியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முசுறு எறும்பு ஏறிய பெட்டியில் என்ன தீனி வைத்தும் பிரயோசனம் இல்லை.

இந்த உருண்டை எவ்வளவு தாங்கும்? ஒரு வேலைக்காரப் புழுவை வளர்க்க 125 முதல் 145 மில்லிகிராம் மகரந்தம் வேண்டும் என்பது இத்தாலியத் தேனீயில் கண்ட கணக்கு. 50 கிராம் உருண்டையில் புரதம் 7 கிராமுக்குச் சற்று மேல்; 20 சதவீதம் புரதமுள்ள மகரந்தமாகப் பார்த்தால் 37 கிராம். முழுதும் செரித்தாலும் 280 புழுவுக்குத்தான் வரும். தென்னம்பாளை தருவதை இது ஈடுகட்டாது, கைகொடுத்துத் தாங்கும், அவ்வளவே. தேனீக்குத் தேவையான பத்து அமினோ அமிலங்கள் எவை என்று டி க்ரூட் 1953-ல் கண்டறிந்தார். பல பூவின் மகரந்தம் கலந்து கிடைத்தால் அந்தப் பத்தும் ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் என்று கிடைத்துவிடும். அதனால் பெட்டியைச் சுற்றித் தென்னை, புளி, கொடிரோஸ், வேலியோரத் தொட்டாச்சிணுங்கி இவற்றை வெட்டாமல் விட்டுவைப்பது எந்த உருண்டையையும்விட மேல். ரப்பர் இதில் உதவாது. அதன் தேன் பூவிலிருந்து வருவதில்லை, மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பியில் ஊறுகிறது. தேன் கொட்டும், மகரந்தம் வராது. ரப்பர் நடுவே மட்டும் நிற்கும் பெட்டி, தேன் நிறைந்திருக்கும்போதே புழு குறைந்து போவது இதனால்தான்.

எந்த மாதம் என்ன

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூட்டத்தைப் பெருக்க முயலாதீர்கள். தென்னையில் பாளை விரிந்திருக்கும், ஆனால் மழையில் மகரந்தம் நனைந்து போகும், தேனீயும் பறக்க முடியாது. இந்த நேரத்தில் மாவுத் தீனியை வாரந்தோறும் வைத்தால் ராணி முட்டையைக் கூட்டும். செவிலித் தேனீக்கள் உடம்பிலிருக்கும் புரதத்தைப் புழுவுக்குக் கரைத்துவிட்டுச் சீக்கிரம் சாகும். வெளியே வரும் புதுத் தேனீக்குச் செய்ய வேலையும் இல்லை, தின்ன இருப்பும் இல்லை. பாகு வாரம் 200 கிராம் சர்க்கரைக் கணக்கில் போகட்டும். மாவுத் தீனி பாதி உருண்டை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இரண்டு சட்டத்தில் உள்ளங்கை அளவு புழு இருந்தால் போதும். தேனீ நிற்காத காலி அடைகளை எடுத்துவிட்டு, தடுப்புப் பலகை போட்டு இடத்தைச் சுருக்குங்கள்.

புரதத்தை முழுதாக நிறுத்தவும் கூடாது. திறந்த புழு அறவே இல்லாமல் போனால் இந்தியத் தேனீக்குப் பெட்டியில் பற்று விட்டுப்போகும். மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு ஒரு வெயில் நாளில் மொத்தமாக ஓடிவிடும். முட்டையும் புழுவும் இல்லை, மூடிய புழு மட்டும் பொரிந்துகொண்டிருக்கிறது என்றால் ஓட்டத்துக்கு நாள் குறித்துவிட்டது. பாகை மட்டும் ஊற்றினால் பயணத்துக்குக் கட்டுச்சோறு கொடுத்த மாதிரி. நோயில்லாத வேறு பெட்டியிலிருந்து திறந்த புழு உள்ள ஒரு சட்டத்தைத் தேனீயை உதறிவிட்டு வைத்து, மாவுத் தீனி முழு உருண்டை கொடுத்து, ராணி வெளியே போக முடியாதபடி வாசலில் ராணித் தடுப்பை மூன்று நான்கு நாள் போடுங்கள். புழு கூழ் கேட்கத் தொடங்கியதும் கூட்டம் தங்கிவிடும். தடுப்பை அதற்கு மேல் வைக்காதீர்கள். ஆண் தேனீக்கள் மாட்டிச் செத்து வாசலை அடைத்துவிடும்.

ஓணத்தை ஒட்டி வெயில் அடித்துப் பூ கிடைக்கும் வாரங்களில் தீனியை நிறுத்திவிட்டு வாசலைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே வருபவற்றில் மூன்றில் ஒன்றாவது காலில் மகரந்த உருண்டையோடு வந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

நவம்பர் தொடக்கம்தான் முக்கியம். இலை உதிர்ந்து ரப்பர் தளிர்ப்பது பொதுவாக ஜனவரி பிற்பாதியிலிருந்து. அன்று தேன் எடுக்கப் பறக்கும் தேனீ, 18-20 நாள் வளர்ச்சியும் அதற்குப் பின் இரண்டு மூன்று வாரம் உள்வேலையும் முடித்திருக்க வேண்டும். அப்படியானால் அதன் முட்டை டிசம்பர் நடுவுக்குள் விழுந்தாக வேண்டும். அந்த முட்டையில் வரும் புழுவை ஊட்டி வளர்க்கும் செவிலித் தேனீ அதற்கும் ஒரு தலைமுறை முந்தியது. கணக்கு நவம்பர் முதல் வாரத்தில் வந்து நிற்கிறது. அன்றிலிருந்து வாரம் ஒரு முழு உருண்டையும், இரண்டு நாளுக்கு ஒரு தடவை 100 மில்லி பாகும். மாவை மட்டும் வைத்துப் பாகை மறந்துவிடாதீர்கள். முன்னால் சொன்ன விகிதம் இங்கேதான் வேலை செய்கிறது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவ) மழை தொடர்ந்து நின்று பெய்தால் உருண்டையை ஐந்து நாளுக்கு ஒன்றாக்குங்கள். டிசம்பரில் தீனி வைக்கத் தொடங்கினால் தேனீ பெருகும், ஆனால் தேன் முடிந்த பிறகு பெருகும்.

கூட்டம் பிரிக்கும்போது

நவம்பர், டிசம்பரில் பிரிப்பவர்கள் ராணிப் புழுவின் சாப்பாட்டை மனதில் வைக்க வேண்டும். ராணி இல்லாத பாதியில் தேனீக்கள் அவசரத்துக்கு, ஏற்கெனவே வேலைக்காரச் சாப்பாடு தின்னத் தொடங்கிவிட்ட புழுவையும் ராணியாக்கப் பார்க்கும். அப்படி வரும் ராணி சிறியது, சூலகம் குறைந்தது, சீக்கிரம் முட்டை தீர்ந்துபோவது. இதைத் தவிர்க்கச் சுலபமான வழி உண்டு. பிரித்த நாளிலிருந்து மூன்றாம் நாள் முடிவில் சட்டத்தைப் பார்த்து, அதற்குள் மூடிவிட்ட ராணி அறைகளைக் கிள்ளி எறியுங்கள். அவை பிரிக்கும்போதே இரண்டு நாள் தாண்டிய புழுக்கள். நான்காம் நாளும் அதற்குப் பின்னும் மூடுபவைதான் ஒரு நாள் புழுவிலிருந்தும் முட்டையிலிருந்தும் வந்தவை. அவற்றில் நீளமான ஒன்றிரண்டை மட்டும் விடுங்கள். ராணி வெளிவரும் நாள் நெருங்கும்போது அறையின் நுனியில் மெழுகை உரித்துப் பழுப்புக் கூடு தெரியும். அப்போது சட்டத்தை அசைக்கக் கூடாது.

பிரிப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே தாய்ப் பெட்டிக்கு மாவுத் தீனி போயிருக்க வேண்டும். பிரித்த அன்று வைக்கும் தீனி அந்த ராணிக்கு உதவாது, செவிலித் தேனீயின் சுரப்பி வளர நாள் வேண்டும். ஆண் தேனீக்கும் இது பொருந்தும். மூடியின் நடுவில் ஊசித்துளை உள்ள கண்ணறைகள் தாராளமாக இருந்தால்தான் இணைசேரும் காலத்தில் ஆண்கள் கிடைக்கும்.

எப்போது நிறுத்துவது

ரப்பர் கொழுந்து செம்பு நிறத்தில் விரியத் தொடங்கியதும் பாகு, மாவு இரண்டையும் நிறுத்துங்கள். புழு அறையில் சேர்த்து வைத்த பாகைத் தேனீக்கள் தின்று தீர்க்க ஒரு வாரம் விட்டு, அதன் பிறகே தேன் அறைச் சட்டங்களை ஏற்றுங்கள். தேன் அறைக்குள் போன கரும்புச் சர்க்கரையை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடும். புவிசார் குறியீடு உள்ள மார்த்தாண்டம் தேனில் அப்படி ஒரு தொகுதி சிக்கினால் எல்லோருடைய தேனுக்கும் விலை போய்விடும். பெட்டியைக் கோட்டயம், பத்தனம்திட்டை தோட்டங்களுக்கு லாரியில் ஏற்றுபவர்கள், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் மகரந்த அடை ஒன்றாவது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ரப்பர் மட்டுமே உள்ள மலையில் இரண்டு மாதம் நிற்கப் போகிற பெட்டி அது. தோட்டத்தில் இருக்கும்போது இளம் புழு உலர்ந்து தெரிந்தால் தேன் அறையை எடுத்துவிட்டுத்தான் மாவுத் தீனி வைக்க வேண்டும். அது முடியாத இடத்தில், தென்னையோ புளியோ இருக்கும் ஓரத்துக்குப் பெட்டியை மாற்றி வையுங்கள்.